மைத்துனரின் ராக்கெட்டும் உமையாளின் இட்லிப் பானையும்

தேரிமணல் நாட்டு ராஜா வீரகண்டருக்கு யானை அலுத்துப்போனது, குதிரை அலுத்துப்போனது. கடைசியில் ராக்கெட்டில் வந்து நின்றார். தேங்காய் கனத்தில் ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்து வைத்திருந்தார். அது மேலே போய்விட்டால், கடலில் புயல் கிளம்புவதை முன்கூட்டியே சொல்லிவிடும். மீன் பிடிக்கப் போனவர்கள் உயிரோடு கரை சேரலாம். ஐப்பசி மழைக்கு முன் அனுப்பியாக வேண்டும்.

யாருடைய ராக்கெட்டில் அனுப்புவது? அங்கேதான் போட்டி. ஒன்று, அரசவை யோசனைக்காரி உமையாள் ஆள் வைத்துச் செய்தது. மற்றது, ராணியின் தம்பி சொக்கேந்திரனுடையது. இரண்டும் பனைமர உயரம்தான். இரண்டும் திட எரிபொருள்தான். குழாய்க்குள் எரிமருந்தை ரப்பர் மாதிரி இறுக வார்த்திருப்பார்கள். பற்ற வைத்தால் அணைக்க முடியாது. முழுக்க எரிந்து தீர்ந்தால்தான் ஓயும். ஜெயித்தவரிடம் பக்கத்து நாட்டுக் குட்டிக் கோள்களும் மேலே அனுப்பச் சொல்லி வந்து குவியும்.

ராக்கெட்டைப் பற்றிச் சொக்கேந்திரனுக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கு என்ன சாயம் பூசலாம் என்பதுதான். தங்கச் சாயம் பூசியிருந்தான்.

ராஜா சபையில் தொடையைத் தட்டிச் சொன்னார்: "எந்த ராக்கெட் பறக்கப் போகிறதோ, அதையே முதலில் எரித்துப் பார்க்க வேண்டும். பிறகு அதிலேயேதான் என் கோளை ஏற்றுவேன்!"

உமையாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரித்துவிட்டால் அப்புறம் எதை வைத்துப் பறப்பது? அவள் வாயெடுப்பதற்குள் சொக்கேந்திரன் முந்திக்கொண்டான்.

"நேற்றே எரித்துப் பார்த்துவிட்டேன், அத்தான்! ஜம்மென்று எரிந்தது. அதே ராக்கெட்தான் ஏவுகளத்தில் தயாராக நிற்கிறது."

"சபாஷ் மச்சான்! உமையாள், உன்னுடையது?"

"இன்னும் எரிக்கவில்லை, மகாராஜா."

"பயம், அத்தான்!" என்று இளித்தான் சொக்கேந்திரன். "கரண்டி பிடிக்கிற கைக்கு ராக்கெட் எதற்கு? அம்மணியைப் போய் இட்லி அவிக்கச் சொல்லுங்கள்."

சபையே கெக்கலித்தது. உமையாளும் சிரித்தாள்.

"இளவரசர் சொன்னபடியே ஆகட்டும். நாளைக் காலைப் பலகாரம் களத்தில், என் கையால்."

மறுநாள் ராஜா பரிவாரத்தோடு களத்துக்கு வந்தார். உமையாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தங்க ராக்கெட்டுக்கு நேர் அடியில் மூன்று கல்லைக் கூட்டி இட்லிப் பானையை ஏற்றியிருந்தாள். அடியில் பனையோலையைத் திணித்துவிட்டுத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"ஏய்! ஏய்! என்ன செய்கிறாய்?" என்று அலறினான் சொக்கேந்திரன்.

"இட்லி அவிக்கப் போகிறேன். காற்று பலமாக அடிக்கிறது. இது நல்ல மறைப்பாக இருக்கிறது."

"ராக்கெட்டுக்கு அடியிலா?"

"அதனாலென்ன? எரித்து முடித்த ராக்கெட்தானே. உள்ளே என்ன இருக்கப் போகிறது? எங்கள் வீட்டு ஊதுகுழல் மாதிரி வெறும் குழாய்."

தீப்பெட்டியைத் திறக்கப் போனாள்.

"ஐயோ, வேண்டாம்! உள்ளே மருந்து முழுசாக இருக்கிறது! ஓடுங்கள் அத்தான்!"

அத்தானை ஓடச் சொன்னவன் அத்தானுக்கு முன்னால் ஓடினான். தலைப்பாகை வழியிலேயே விழுந்தது.

ராஜாவும் எழுந்துவிட்டார். உமையாள் தீப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு குச்சிகூட இல்லை.

"மருந்து இருக்கிறதென்றால், எரித்துப் பார்த்தது பொய். எரித்தது நிஜமென்றால், இது பறக்காது. இளவரசருக்கு எது வசதி, மகாராஜா?"

ராஜாவுக்குக் காது சிவந்தது. அந்த உத்தரவைப் போட்டவர் அவர்தானே! "சரி, உன்னுடையதை மட்டும் நான் எப்படி நம்புவது?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"ஒரே கலவையில் ஒரே நாளில் இரண்டு ராக்கெட் வார்த்திருக்கிறேன். ஒன்றைப் படுக்கவைத்துக் கட்டி, உங்கள் எதிரில் எரிக்கிறேன். அது ஒழுங்காக எரிந்தால் மற்றதை நம்பி அனுப்பலாம். ருசி பார்க்க ஒரு இட்லியைத் தின்னலாம், மகாராஜா. தின்ற இட்லியையே இலையில் வைக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

அன்றைக்கு ஒன்று எரிந்தது. மறுநாள் மற்றது பறந்தது. ஐப்பசியில் புயல் வந்தபோது ஒரு படகுகூடக் கடலில் இல்லை.

உமையாளுக்கு முத்துமாலை போட்ட ராஜா, மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற மைத்துனரைப் பார்த்தார். "பாவம், இவனுக்கும் ஏதாவது கொடுக்கலாமே?"

"கொடுங்களேன், மகாராஜா. அன்றைக்கு எரித்த ராக்கெட் சும்மாதான் கிடக்கிறது. நன்றாகச் சோதித்துப் பார்த்தது. சாயம் மட்டும் அவர் பூசிக்கொள்ளட்டும்."