கழட்டிப் போட்ட சாமான்

"மேடு ஏற மாட்டேங்குது அம்மணி" என்றார் சென்னியப்பன்.

பூங்கோதை கிரீஸ் கையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த மேடுங்ண்ணா?"

"வால்பாறை மேடு. மொத்தம் நாப்பது கொண்டை ஊசி வளைவு. எட்டு வளைவு சிங்கமாட்டம் ஏறுது. ஒன்பதாவதுக்குப் போனதும் திக்குது, முக்குது, அப்படியே படுத்துக்குது. ரெண்டு தடவை ஆச்சு."

சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தொன்று. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஃபோர்மேன். பூங்கோதைக்கு இருபத்தொன்பது. கிணத்துக்கடவு தாண்டி, பழைய கோழிப்பண்ணை ஷெட் ஒன்றில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை பார்க்கிறவள். வீட்டிலேயே கார் வேலை பார்க்கிற பைத்தியங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே வகுப்பும் எடுக்கிறாள். அந்த வகுப்பில் மூத்த மாணவர் நம்ம சென்னியப்பன்தான். நரைத்த மீசையும் நூறு பக்க நோட்டுமாக முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்வார். கேள்வி கேட்பதிலும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவருடையது சின்னக் கார். ஒரு சந்துக்குள் திருப்பிவிடலாம். ஆனால் கம்பெனியிலிருந்தே டர்போவோடு வந்த வண்டி. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். அது போதவில்லை அவருக்கு. மூன்று வருஷமாக வீட்டுப் போர்டிகோவில் நிறுத்தி, லீவு நாளெல்லாம் அதைக் குடைந்துகொண்டிருந்தார் மனுஷன்.

"இப்ப என்னங்ண்ணா அவசரம்?"

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரியோட அக்காளுக்கு ரிட்டயர்மென்ட். முப்பத்தாறு வருஷம் தேயிலை பறிச்சிருக்குது. எஸ்டேட்ல மாலை போட்டு அனுப்பறாங்க. இவ போயே ஆகோணும். பஸ்ஸுல ஏறுனா மூணாவது வளைவுலயே அவளுக்கு வாந்தி வந்துரும்."

வாடகைக் கார் பிடித்தால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். பூங்கோதையே கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் அவரே செஞ்ச கார்ல கூட்டிட்டு வர்றார்" என்று அவர் மனைவி தெய்வானை தன் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையைச் சென்னியப்பன் காதால் கேட்டுவிட்டார். அப்புறம் வாடகைக் காராவது ஒன்றாவது.

ஏற்கெனவே இரண்டு தடவை அவளை ஏற்றிக்கொண்டு போய் ஒன்பதாம் வளைவில் நின்றாகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணை நன்றாகத் தெரியும். காரைக் கீழே கொண்டுபோகத் தூக்கு வண்டி வரும்வரை தெய்வானை அதை இரண்டு தடவையும் இரண்டிரண்டு மணி நேரம் பார்த்தாள். "பரவாயில்லீங்க, நல்ல காத்து" என்றாள் இரண்டு தடவையும். திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பூங்கோதை பானெட்டைத் திறந்தாள்.

உள்ளே எல்லாம் செக்கச்செவேல். ஒயர் ஒன்று வெளியே தெரியவில்லை. வேண்டாத ஓட்டை ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, கண்ணாடி போலப் பாலிஷ் போட்டிருந்தார். பதினொரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

அவள் குனிந்து பார்த்தாள்.

"என் மூஞ்சி தெரியுதுங்ண்ணா" என்றாள். "வேற ஒண்ணும் தெரியல."

பானெட்டை மூடிவிட்டாள்.

"இன்னும் பெரிய ஃப்யூயல் பம்ப் போட்டா ஏறுமா அம்மணி? இல்ல, வேற என்ன போடட்டும்?"

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. ஏர் ஃபில்டர், சைலன்ஸர் குழாய், ஸ்பிரிங், பிரேக் டிஸ்க் என்று பதினாலு அயிட்டத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார். எதை எந்த மாதம் போட்டார் என்பதுகூட நாக்கு நுனியில் இருந்தது.

"சரி. என்ன கழட்டுனீங்க?"

சென்னியப்பன் நோட்டைப் புரட்டினார். மூடினார்.

"எழுதிட்டு வாங்க" என்றாள் பூங்கோதை.

*

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேரே ஷெட்டுக்கு வந்து பட்டியலை நீட்டினார்.

"ஏழுதானுங்களா?"

"அவ்வளவுதான் ஞாபகம் வருது."

"அந்த ஏழும் எங்க இருக்குது?"

"யாருக்குத் தெரியும்? வேண்டாம்னு கழட்டுனதுதானே. போர்டிகோ மூலையில போட்டேன். அப்புறம் அங்க இல்ல. குப்பைக்குப் போயிருக்கும்."

பூங்கோதை பட்டியலை மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"உங்க வீட்டுக் குப்பையை யாருங்ண்ணா கொட்டறது?"

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷம் லேத்தில் நின்ற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். இவள் குப்பையைப் பற்றிப் பேசுகிறாள்.

"அம்மணி, நான் காரைப் பத்திக் கேக்க வந்தேன்."

"நானும் அதைத்தானுங்ண்ணா கேக்கறேன்."

அவள் ஸ்பானரை எடுத்துக்கொண்டாள். வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டாள். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. காலிடம் என்னத்தைக் கேட்பது?

*

வீட்டில் அரிசிம்பருப்புச் சாத வாசம் வாசல் வரைக்கும் வந்தது. தெய்வானை அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"தெய்வானை, நம்ம வீட்டுக் குப்பையை யாரு கொட்டறது?"

அவள் கரண்டியோடு திரும்பி, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கறீங்களாக்கும்?"

"இல்ல... கார்ல இருந்து கழட்டிப் போட்டேனே, அதையெல்லாம் எந்தக் குப்பையில கொட்டுன?"

"அதையெதுக்குக் கொட்டறது?"

"அப்ப எங்க?"

"கட்டிலுக்கு அடியில."

யார் கட்டிலுக்கு? அவர் கட்டிலுக்குத்தான். மூன்று வருஷமாக அவர் அதன் மேல்தான் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறார்.

தரையில் உட்கார்ந்து பெட்டியை இழுத்தார். கல்யாணமான புதிதில் வால்பாறையிலிருந்து அவள் கொண்டு வந்த தகரப் பெட்டி. இழுக்கவே கனத்தது. திறந்தார்.

அவருடைய பழைய லுங்கிகளைக் கிழித்து, ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தாள். போல்ட் நட்டெல்லாம் ஊறுகாய் பாட்டில்களில் இருந்தன. துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் வேறு தடவியிருந்தாள். ஒவ்வொன்றிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நிறுத்திய கையெழுத்து.

'பொங்கலுக்கு மறுநாள். சக்கரத்துக்கு உள்ளே இருந்தது. வலது.'

'ஆடி மாசம். மழை பெய்தது. இதைக் கழட்டும்போது விரலில் அடி.'

சென்னியப்பன் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று அவருக்கே மறந்துபோயிருந்தது.

ஒன்றொன்றாகப் பிரித்துப் படித்தார். ஏழு என்று எழுதிக் கொடுத்தாரே, நாற்பத்துமூன்று இருந்தது.

"இதையெல்லாம் ஏன் எடுத்து வெச்ச?" என்றார் அங்கிருந்தபடியே.

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"நீங்க எதைத் திரும்பத் தேடுவீங்கன்னு எனக்கெப்படிங்க தெரியும்? அதான் எல்லாத்தையும் வெச்சேன். கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

*

சனிக்கிழமை காலையில் ஷெட் தரையில் ஒரு சாக்கை விரித்து, நாற்பத்துமூன்றையும் வரிசையாகப் பரப்பினார்.

பூங்கோதை குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சாமானை விட்டுவிட்டு முதலில் சீட்டுகளைத்தான் படித்தாள். அவசரப்படவே இல்லை. சென்னியப்பன்தான் இருப்புக்கொள்ளாமல் நின்றார்.

ஓரிடத்தில் அவள் கை நின்றது. செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த பட்டை. சாண் நீளம் இருக்கும். கறுத்துப் போயிருந்தது.

"இதை ஏனுங்ண்ணா கழட்டுனீங்க?"

"அதுவா? கறுப்பா, அசிங்கமா தொங்கிட்டு இருந்துச்சு. சிவப்புப் பெயின்ட் அடிச்சப்புறம் பாக்க நல்லா இல்ல. அதை மாட்டியிருந்த ஓட்டையையும் அடைச்சுட்டேன்."

"அது எர்த் பட்டைங்ண்ணா. எஞ்சினையும் பாடியையும் சேக்கறது. இது இல்லாம, ஒரு சின்ன ஒயர் மட்டும் அத்தனை கரண்டையும் தாங்கிட்டு இருந்திருக்குது. சமதரையில எப்படியோ சமாளிச்சுது. மேட்டுல, சூட்டுல, அதால முடியல."

"அந்தச் சின்ன ஒயரா?"

"ஆமாங்க. பாவம், மூச்சு விடாம தாங்கிட்டு இருந்திருக்குது."

சென்னியப்பன் பட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

பூங்கோதை ஒரு சொரண்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ஓட்டை இருந்த இடம் ஞாபகம் இருக்குதுங்களா? இரும்பு தெரியற வரைக்கும் சொரண்டுங்க."

"பெயின்ட் போயிருமே அம்மணி?"

அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

பதினொரு ஞாயிற்றுக்கிழமையை அவர் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொரண்டியை வைத்து இழுத்தார். சிவப்பு உரிந்தது. பட்டி உதிர்ந்தது. அதற்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, வெறும் இரும்பு வெள்ளையாக மின்னியது. கறுத்த பட்டையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, அதே பழைய போல்ட்டைப் போட்டு முறுக்கினார். அந்த போல்ட்டும் ஒரு ஊறுகாய் பாட்டிலில் பத்திரமாக இருந்தது.

பூங்கோதை வந்து சாவியைத் திருப்பினாள். ஹெட்லைட் முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது. பொள்ளாச்சி ரோட்டுப் பாலத்தின் மேல் மூன்று தடவை ஏற்றி இறக்கினாள். எஞ்சின் திக்கவே இல்லை.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. இரண்டு கையையும் கூப்பினார்.

"உன் புண்ணியம் அம்மணி. நீ இல்லாட்டி நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிச்சிருப்பேன்?"

"நான் என்னத்தைங்ண்ணா பண்ணுனேன்? கேட்டேன், அவ்வளவுதான்."

நல்ல மாணவர் இல்லையா? உடனே நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"சரி, அடுத்து என்ன பண்ணட்டும்?"

பூங்கோதை சாக்கின் மேல் கிடந்த சீட்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்தாள். அந்தப் பட்டையில் கட்டியிருந்த சீட்டு. அதை அவருடைய சட்டைப் பையில் வைத்தாள்.

"முதல்ல இதை முடிச்சுட்டு வாங்க."

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. தெய்வானை மடியில் அக்காவுக்கு வாங்கிய பட்டுப் புடவை. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள்.

ஐந்தாம் வளைவு. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பதாம் வளைவின் பலகை தெரிந்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சென்னியப்பன் இரண்டாவது கியரில் போட்டு மிதித்தார். வண்டி ஒரு உறுமல் உறுமியது. முதுகு சீட்டோடு ஒட்டியது.

தெய்வானை மெல்லக் கண்ணைத் திறந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, அணை பின்னால போயிருச்சு!"

சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரி அவள் ஒவ்வொரு வளைவையும் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். இருபது, இருபத்தொன்று, முப்பது. வண்டி அசரவே இல்லை.

"நாப்பது!" என்றாள்.

கொஞ்ச தூரம் போய், தேயிலைச் சரிவை ஒட்டி ஓரங்கட்டினார் சென்னியப்பன். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தார்.

"அய்யய்யோ, மறுபடியுமா?" என்று பதறினாள் தெய்வானை.

"இல்ல, இல்ல. வண்டி ஜோராத்தான் இருக்குது. விழாவுக்கு இன்னும் நேரம் இருக்குதில்ல?"

"ஒரு மணி நேரம் இருக்குது. ஏனுங்க?"

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். நேற்றிலிருந்து எத்தனை தடவை படித்தாரோ, மடிப்பு கிழியப் பார்த்தது.

'இது எதுக்குன்னு தெரியலை. கேட்டேன். அவர் வேலையா இருந்தார்.'

அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"இறங்கி வா தெய்வானை. அன்னைக்கு எதுக்குன்னு கேட்டியே. காட்டறேன்."