மூன்று சட்டியும் மார்கழிப் பனியும்

முன்னொரு காலத்திலே, மேகமெல்லாம் காலுக்குக் கீழே மேய்கிற ஒரு மலை ராஜ்ஜியத்திலே, நாச்சாயி என்றொரு தோட்டக்காரி இருந்தாள். பொன்னாத்தா, வேலாத்தா, செல்லாத்தா என்று மூன்று பெண்கள். அவர்கள்தான் அவளுக்கு உசுரு.

கார்த்திகைக் கடைசியில் ஒரு மந்திரவாதி குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். பிள்ளைகளுக்கோ காய்ச்சல். திறந்தால் வாடைக்காற்று உள்ளே வந்துவிடுமே என்று நாச்சாயி திறக்கவில்லை. அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் வந்தவன் சும்மா போகிற ஆளா? ஏதோ முணுமுணுத்தான். பாயில் பிள்ளைகளைக் காணோம். மூன்று விதைகள் கிடந்தன.

நாச்சாயி ஓடிப்போய் அவன் காலில் விழுந்தாள். "ஐயா, தெரியாமப் பண்ணிட்டேன். எம் பிள்ளைகளைக் குடுத்திருங்க."

"விட்ட சாபத்தை நானே திருப்ப முடியாது தாயே. ஒரு வழி இருக்கு. மூணையும் மூணு சட்டியில ஊன்றி, மார்கழி முழுக்க வெட்டவெளிப் பனியில வை. தை பிறந்தா முளைச்சு வருவாங்க. நடுவுல சூடு காட்டினா, அந்தப் பிள்ளை போச்சு."

அப்படியே வைத்தாள். பத்தாம் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், முதல் சட்டிக்குள்ளிருந்து பொன்னாத்தாவின் குரல்: "அம்மா, குளிருது."

பெற்ற மனசு கேட்குமா? கொஞ்ச நேரம்தானே என்று சட்டியை அடுப்போரம் வைத்தாள். விடிந்து பார்த்தால் விதை காய்ந்து சுருங்கிக் கிடந்தது. பொன்னாத்தா போய்விட்டாள்.

இருபதாம் நாள், இரண்டாம் சட்டி. "அம்மா, குளிருது."

இந்த முறை அடுப்புப் பக்கமே போகவில்லை. கம்பளியை மட்டும் சட்டிக்கு ஒரு சுற்றுச் சுற்றினாள். கம்பளியும் சூடுதானே, பாவி மகளே! விடிந்து பார்த்தால் விதை பூசணம் பிடித்து அழுகியிருந்தது. வேலாத்தாவும் போய்விட்டாள்.

இருபத்தைந்தாம் நாள், மூன்றாம் சட்டி. "அம்மா, குளிருது. அம்மா, குளிருது."

பதில் சொன்னால் சட்டியை உள்ளே தூக்கிவிடுவோம் என்று பயந்து நாச்சாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கம்பளியை வீசிவிட்டு, சட்டிக்குப் பக்கத்தில் வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். இருபத்தெட்டாம் நாள் குரல் நின்றுபோனது. இவளும் செத்துவிட்டாள் என்றே நினைத்தாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

தை முதல் நாள் வெயில் ஏறியதும் சட்டி மண் வெடித்தது. ஒரு தளிர் வந்தது, தளிர் கையானது, செல்லாத்தா முழுசாக எழுந்து நின்றாள். சாபம் தீர்ந்தது. மேளம் கொட்ட வேண்டிய நேரம்தான். ஆனால் பிள்ளை கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஏம்மா நீ வரல?"

நாச்சாயியின் வாயில் முந்தானை அப்படியே இருந்தது. செல்லாத்தா குனிந்து பார்த்தாள். அம்மாவின் கால்விரல்கள் பனியில் கறுத்துப் போயிருந்தன. பிள்ளை உட்கார்ந்து அந்த விரல்களைத் தன் கையில் பொத்திக்கொண்டாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"அக்காங்க எங்கேம்மா?"

அப்போதுதான் நாச்சாயி வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். மலை முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

அதற்குப்பின் தாயும் மகளும் நெடுங்காலம் நன்றாகவே வாழ்ந்தார்கள். குளிர்காலத்தில் யார் வந்து தட்டினாலும் அந்த வீட்டுக் கதவு திறந்தது. வந்தவர்களுக்கு அடுப்போரம்தான் இடம். தாயும் மகளும் மட்டும் அங்கே உட்காரவேயில்லை.