பத்திரமாக இருக்கும் கோட்டு

சண்டை ஓய்ந்த கையோடு ஜெர்மனியிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் பிழைக்க வந்தவர்களில் ஹெட்விக்கும் ஒருத்தி. எல்லையோர விடுதி ஒன்றில், வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைப்பது அவள் வேலை. ஊரில் அவளுடைய பிள்ளைகள் அவள் சம்பளத்தை எதிர்பார்த்துக் கிடந்தன.

அவளைப் போல வந்தவர்கள் சம்பளத்தை ஊருக்கு அனுப்பலாமா கூடாதா என்று இரு நாட்டு அதிகாரிகளும் அதே விடுதியில் கூடிப் பேசினார்கள். “கூடவே கூடாது!” என்று ஒற்றைக் காலில் நின்றார் வேலை கொடுத்த நாட்டின் அதிகாரி பிரானர். “அவங்க பணத்தை நாமா தின்னப்போறோம்? இங்கே பேங்க்ல அவங்கவங்க பேர்ல பத்திரமா இருக்கும். எல்லையை மட்டும் தாண்டக் கூடாது. இதிலே என்ன நஷ்டம்?”

கதவோரம் நின்ற ஹெட்விக்கின் காதில் இது விழுந்தது.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பினார்கள். வெளியே பனி கொட்டியது. பிரானர் ஹெட்விக்கிடம் தன் கோட்டைக் கேட்டார்.

“உங்க பேர்லயே பத்திரமா இருக்குங்க ஐயா. எப்ப வேணும்னாலும் உள்ளே வந்து போட்டுக்கலாம். வாசலை மட்டும் தாண்டக் கூடாது.”

“பைத்தியமா உனக்கு? குளிர் வெளியிலே இல்ல இருக்கு!”

“பசியும் எல்லைக்கு அந்தப் பக்கம்தாங்க ஐயா இருக்கு.”

கூட வந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பிரானரின் முகம் சிவந்தது. “சரி, தொலையட்டும். பாதிச் சம்பளம் ஊருக்குப் போகட்டும்” என்றார்.

ஹெட்விக் உடனே கோட்டைக் கொண்டுவந்தாள். அவருடைய ஒரு கையை மட்டும் அதில் நுழைத்துவிட்டு, மரியாதையாக ஒதுங்கி நின்றாள்.

அன்றைக்கு பிரானர் இரண்டு கையையும் நுழைத்துக்கொண்டுதான் வீடு போய்ச் சேர்ந்தார்.