கேட்டால்தான் வரும் வரைபடம்

"நான் எழுதினதுல என்ன குறை மேடம்? ஏன் திருப்பி அனுப்பிட்டீங்க?"

கேட்டவர் பூவராகன். வங்கி வேலையை விட்டுவிட்டு, தலை நரைத்தபின் புரோகிராம் எழுத வந்தவர். எதிரில் இருந்தவள் ரஹிமா, அவருடைய டீம் லீட். மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் தொழிலில் அவள்தான் குரு. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவர் எழுதிய அந்த மென்பொருள் ஓட வேண்டும்.

"முன்னாடி இது திறக்கறதுக்குள்ள டீ ஆறிடும். இப்ப பாருங்க, தொட்டதும் திறக்குது. வரைபடம், ரிப்போர்ட்னு உள்ள இருக்கற ஆப்ஜெக்ட் எல்லாத்தையும் லேஸியா மாத்திட்டேன். யாராவது கேட்டாத்தான் உருவாகும். கேக்கலன்னா உருவாகவே உருவாகாது."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

ஒரு வித்தை பிடிபட்டுவிட்டால் மனுஷர் சும்மா இருப்பாரா? கண்ணில் பட்டதற்கெல்லாம் அதையே போட்டிருந்தார்.

ரஹிமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாச ரிப்போர்ட் எடுங்க."

எடுத்தார். திரையில் வட்டம் சுற்றியது. அவள் அவர் பெண்ணின் பரீட்சை பற்றி விசாரித்தாள். பேச்சு முடியுமுன் ரிப்போர்ட் வந்தது.

"இது மெதுவா வந்தா பரவால்ல, அப்படியே இருக்கட்டும். இப்ப ஒரு போன் வருது. ஒருத்தருக்கு நெஞ்சை அடைக்குது. வண்டி அனுப்புங்க."

சொல்லிவிட்டு மூச்சை உள்ளே இழுத்து, வாயை மூடி, மூக்கை விரலால் பிடித்துக்கொண்டாள்.

பூவராகன் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

வட்டம் சுற்றியது. ஊர் வரைபடம் அப்போதுதான் உருவாக ஆரம்பித்தது. அது வந்தபின் டிரைவர்களுக்கான இணைப்பு. மறுபடியும் வட்டம்.

அவள் முகம் சிவந்தது.

"விடுங்க மேடம்."

மாட்டேன் என்று தலையாட்டினாள். திரையைக் காட்டினாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு இந்தப் பொத்தானை யாரோ நிஜமாகவே அழுத்தப்போகிறார்கள். கை தானாக மறுபடி மறுபடி அழுத்தியது. வட்டம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக, 'வண்டி புறப்பட்டது' என்று வந்தது.

ரஹிமா மூக்கை விட்டாள். இருமினாள். தண்ணீர் குடித்தாள்.

பூவராகன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். வரைபடமும் டிரைவர் இணைப்பும் திறக்கும்போதே தயாராகும்படி மாற்றினார். ரிப்போர்ட்டைத் தொடவில்லை.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு மேடம்? பத்து விநாடி இருக்குமா?"

"தெரியல சார். எண்ண முடியல."