பதினாறாம் ஆண்டின் சுருதி

"மேடம், நம்ம குழு முப்பத்துநாலு வருஷமா தப்பான சுருதியில பாடுது."

இசக்கிராஜ் இதைச் சொல்லிவிட்டுக் கதவருகிலேயே நின்றான்.

குழுவை நடத்தும் ஹெப்சிபா மேடம் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடிக்கும்வரை நிமிரவில்லை.

பல்கலைக்கழகத்தில் அந்தக் குழுவுக்கு வெறுங்குரல் என்று பெயர். தொடங்கிய வருஷம் இசைத்துறைக்காரர்கள் ஆர்மோனியத்தை இரவல் தரவில்லை. "வேண்டாம் போங்கய்யா" என்று வெறும் வாயால் பாடியவர்கள், ரோஷத்தில் அதையே வழக்கமாக்கிவிட்டார்கள்.

இன்றுவரை சுருதி பிடிக்கக்கூட ஒரு கருவியைத் தொடுவதில்லை. வரிசையில் முதல் ஆள் 'ம்' என்று மெல்ல இழுப்பார். பக்கத்து ஆள் அதைக் காதில் வாங்கி அடுத்தவருக்குத் தருவார். கடைசி ஆளுக்குப் போய்ச் சேர்ந்ததும் பாட்டு தொடங்கும்.

ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குக் குழுவின் வரலாற்றை எழுதும் வேலை இசக்கியிடம் வந்தது. இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவனிடம் வரலாற்றைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? அத்தனை வருஷத்து ஒலிப்பதிவையும் அளந்துவிட்டான்.

"தொடக்கப் பாட்டு எப்பவும் ஒண்ணுதான் மேடம். பதினஞ்சு வருஷம் சுருதி அசையல. பதினாறாம் வருஷம் ஒன்றரைக் கட்டை இறங்கிட்டு. பிறகு ஏறவே இல்ல."

"டேப் மெதுவா ஓடியிருக்கும்."

"அதையும் பாத்துட்டேன். டேப் மெதுவா ஓடினா பின்னால கேக்குற மணிச் சத்தமும் இறங்கியிருக்கணும், அது மாறல. பாட்டுதான் இறங்கியிருக்கு."

"சரி."

"என்ன சரி? விழாவுல பழைய சுருதிக்கே போயிருவோம்." லேபிலிருந்து எடுத்து வந்த, தட்டினால் அந்தச் சுருதியிலேயே ஒலிக்கும் இசைக்கவையைக் காட்டினான். "சுருதியைக் கெடுத்தது யாருன்னும் எழுதணும்."

"பாட்டுக்கு முன்னால இருக்கறதையும் அளந்தியா?"

"அதுல ஒண்ணும் இல்லையே மேடம்."

"கேட்டுட்டு வா."

இசக்கி பதினாறாம் வருஷத்து டேப்பை முதலிலிருந்து போட்டுக் கேட்டான்.

அறிவிப்பு. கைதட்டல். பிறகு ஒரு பெண்ணின் 'ம்'. சரியான பழைய சுருதி. அது உடைந்தது.

மறுபடியும் 'ம்'. மறுபடியும் உடைந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாவது முறை அந்தக் குரல் எங்கோ கீழே போய் நின்றது.

நாலு விநாடி சத்தமே இல்லை. பிறகு பக்கத்துக் குரல் அந்தக் கீழ்ச் சுருதியையே வாங்கிக்கொண்டது. அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. பதினேழு குரல்கள். ஒன்றுகூட மேலே இழுத்துப் பார்க்கவில்லை.

உடைந்த அந்தக் குரலை இசக்கிக்குத் தெரியும். மூன்று வருஷமாக ஒத்திகையில் அவன் பெயரைக் கூப்பிடுகிற குரல். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கேட்டான்.

"அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லையா மேடம்?"

"அப்பாவை அடக்கம் பண்ணி மூணு நாள்."

ஆனாலும் அளந்து பழகிய புத்தி விடவில்லை.

"அடுத்த வருஷம் ஏத்தியிருக்கலாமே?"

"ஏத்துவோம்னு நானும் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல."

"அப்போ இந்த இசைக்கவை?"

"உன் பையில இருக்கு. நீயே வச்சுக்கோ."

சரியானது சரியானதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. விழாவில் வரிசையின் முதல் ஆள் பெனாசிர், முதலாமாண்டு மாணவி. இரண்டு வாரம் இசைக்கவையைத் தட்டித் தட்டிப் பழைய சுருதியை அவளுக்குப் பழக்கினான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு அவள் கற்றுக்கொண்டாள்.

விழா நாள். அரங்கம் நிறைந்திருந்தது. ஆர்மோனியம் கிடைக்காத அந்த முதல் செட்டு ஆட்கள் நரைத்த தலையோடு முன்வரிசையில் இருந்தார்கள்.

பெனாசிர் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

இன்னொரு முறை திறந்தாள். வந்தது பழைய சுருதியும் இல்லை, இப்போதைய சுருதியும் இல்லை. நடுங்கிக்கொண்டே இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. அவள் கண் கலங்கிவிட்டது.

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வரிசையில் இரண்டாவது ஆள் இசக்கி. அவன் கை சட்டைப்பைக்குள் இசைக்கவையைப் பிடித்திருந்தது. முழங்காலில் ஒரு தட்டு போதும்.

வரிசை முழுக்க அவனைப் பார்த்தது. மேடை ஓரத்தில் ஹெப்சிபா மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கி கையை வெறுமையாக வெளியே எடுத்தான். பெனாசிர் பக்கம் குனிந்தான்.

"இன்னொரு தடவை கொடும்மா. எனக்குச் சரியா கேக்கல."

அவள் கொடுத்தாள். அதே இடம்தான்.

அதை வாங்கி, அடுத்த ஆளின் பக்கம் திரும்பினான்.