பண்ணையார் நாக்கில் சர்க்கரைத் திருடன்

பண்ணையார் ஆறுமுகநயினாருக்கு நீரிழிவு. வேலியில் படர்ந்த சிறுகுறிஞ்சான் கொடியின் இலையை மெல்ல வேண்டும், இனிப்பை ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்று வைத்தியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

மகள் கல்யாணத்தன்று இலையை மென்ற கையோடு பண்ணையார் பந்திக்கு வந்து கத்தினார். "லட்டுல துளி இனிப்பில்லே! சர்க்கரையைத் திருடிட்டியாலே? இருக்குன்னா என் நாக்குக்குக் காட்டு. இல்லே, தோலை உரிச்சிருவேன்!"

சமையல்காரன் மாடக்கண்ணு எல்லோரும் பார்க்கச் சர்க்கரை மூட்டையை அவிழ்த்தான். "ஐயா, கண்ணை மூடி வாயைத் திறங்க." ஒரு கை அள்ளிப் போட்டான்.

"தூ! மணலைப் போடுதியாலே?"

பந்தியே சிரித்தது.

"அந்த இலையை மென்னா சர்க்கரையும் கொஞ்ச நேரம் மணல்தான் ஐயா. இனிப்பைத் திருடினது அதுதான்" என்ற மாடக்கண்ணு, அங்கே நின்ற பண்ணையாரம்மா பக்கம் பவ்யமாகத் திரும்பினான்.

"எனக்கு ஒண்ணுதாம்மா விளங்கல. லட்டுல இனிப்பில்லேன்னு ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"