கத்தியின் முதுகில் பல் முளைத்த கதை

இரும்பும் விலங்குகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சுவிட்சர்லாந்தின் பனிமலைக் கணவாய் ஒன்றை ரூடி, ஹானஸ் என்ற இரண்டு படைவீரர்கள் காவல் காத்தார்கள். வழியில் விழும் மரங்களை அகற்றுவதும் அவர்கள் வேலைதான். ஆளுக்கொரு துப்பாக்கி, அதன் முனையில் செருக வழவழப்பான நீண்ட கத்தி. எதிரியைத் தவிர எதன்மீதும் அது படக் கூடாது என்பது கேப்டனின் கட்டளை. ஒரு கீறல் இருந்தாலும் தண்டனை. எதிரியோ வந்தபாடில்லை. ரூடியின் கத்திக்கு அதில் பெருமை வேறு. விறகு பிளக்கும் கோடரியைக் கூலிக்காரன் என்றுதான் கூப்பிடும்.

ஒரு பகலில் பனிச்சரிவு இறங்கியது. கோடரியை அடித்துக்கொண்டு போனது. ஹானஸின் கால்மீது ஒரு தேவதாரு மரத்தைச் சாய்த்தது. மேலே பாறையில் நின்ற மலையாடு, அடுத்த சரிவும் கிளம்பப்போகிறது என்று எச்சரித்தது. ரூடி கத்தியால் கொத்திக் கொத்திப் பார்த்தான். பட்டைதான் உரிந்தது.

"எனக்குக் குத்த மட்டும்தான் தெரியும்," என்றது கத்தி. அதன் குரல் தாழ்ந்திருந்தது.

மலையாடு தன் கொம்பைச் சாய்த்துக் காட்டியது. "வழவழப்பை வைத்துக்கொண்டு என்னப்பா செய்வாய்? இதைப் பார். மேடும் பள்ளமுமாக இருப்பதால்தான் சண்டையில் வழுக்குவதில்லை."

கத்தியின் முதுகிலும் அப்படி வெட்டிவிட்டால் மரத்தை அறுக்கலாம் என்று ரூடிக்குப் புரிந்தது. ஆனால் கை எழவில்லை. படைக்கத்தியைக் கெடுத்தவன் என்ற பெயர் வருமே? நண்பன் கிடக்கும்போது பெயரை நினைக்கிற நான் என்ன மனிதன் என்றும் தோன்றியது.

ஹானஸ் வலியோடு தன் கத்தியை நீட்டினான். "நீ யோசித்து முடிப்பதற்குள் பனி என்னைப் புதைத்துவிடும், ரூடி."

"வெட்டு," என்றது ரூடியின் கத்தி. "என் முதுகுதானே."

ரூடி ஹானஸின் கத்தியால் அதன் முதுகில் ஓங்கி ஓங்கி வெட்டினான். வரிசையாகப் பற்கள் முளைத்தன. பிறகு முதுகை மரத்தில் வைத்து இழுத்தான். தூள் பறந்தது. மரம் இரண்டானதும் ஹானஸைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் பாய்ந்தான். சரிவு அவர்கள் இருந்த இடத்தை மூடிக்கொண்டு போனது.

சரிவின் சத்தம் கேட்டுப் படையோடு ஏறி வந்த கேப்டன் கத்தியை வாங்கிப் பார்த்தார். ரூடி எதையும் மறைக்கவில்லை. அவர் ஒரு கட்டையை எடுத்து அறுத்தார். இன்னொன்றையும் அறுத்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டியிருக்கலாம்," என்றார்.

படை முழுதும் ஆரவாரித்தது. ஹானஸைத் தூக்கிக்கொண்டு, பல் முளைத்த கத்தியை முன்னால் உயர்த்திப் பிடித்தபடி மலையிறங்கினார்கள்.

அன்று முதல்தான், வழி செப்பனிடப் போகும் சுவிஸ் வீரனின் கத்திக்கு முதுகில் ரம்பப் பற்கள். முனை புதிதாகவே இருக்கும். விறகும் கூடாரக் கழியும் அறுத்து அறுத்துப் பற்கள்தான் தேயும்.